பூவிழி எழுதிய குளந்தை

தருவைமேட்டில் முதன்முதலாக மளை பெய்தது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு. மழை இல்லை, மளை. அச்சுப்பிழை என்று நினைத்து யாரும் பேனாவைத் தேட வேண்டாம், பெய்தது மளையேதான்.

உப்பளத்து ஊருக்கு மழை என்றாலே பகை, பாத்தி பாத்தியாக விளைந்து வெள்ளை வெளேரென்று நிற்கிற உப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்து காணாமல் போகும், அதனால் வானம் கறுத்ததுமே ஆணும் பெண்ணும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஓடினவர்கள் அத்தனை பேரும் நடுவழியில் நின்றார்கள், ஏனென்றால் மேலே விழுந்தது நனைக்கவில்லை. சாம்பல் நிறத்தில், சுண்டைக்காய் அளவில், பொலபொலவென்று கொட்டியது. கையில் பிடித்தால் ஈரம் மாதிரி இருந்தது, உதறினால் கூழாங்கல் மாதிரி உருண்டது, வாயில் போட்டால் ஒன்றுமே இல்லை. உப்பின் மேல் விழுந்தது, ஒரு கல் உப்புகூடக் கரையவில்லை.

"இது என்னவே, மளையா?" என்று ஒருத்தர் கேட்டார். அந்த ஊரில் பிறந்த யாருக்கும் ழ வராது, மழையையும் மளை என்றுதான் சொல்லுவார்கள் என்பதால், "பின்ன என்ன, மளைதான்" என்று இன்னொருத்தர் சொன்னார். அதோடு அந்த விசாரணை முடிந்தது. பெயர் தெரிந்துவிட்ட பொருளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? இரண்டாம் மளைக்குள் பெண்கள் அதை ஒரு பிடி அள்ளி மண்பானைக்கு அடியில் போட்டால் தண்ணீர் சில்லென்று இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், மூன்றாம் மளைக்குள் இட்லி மாவில் நாலு போட்டால் பஞ்சு மாதிரி வருகிறது என்று கண்டுபிடித்தார்கள், நாலாம் மளைக்குள் எந்த வீட்டு மளை நல்ல மளை என்று சண்டையே வந்துவிட்டது.

மளை எங்கிருந்து வந்தது என்பது முதலில் தெரிந்தது தங்கப்பழத்துக்குத்தான். தங்கப்பழம் அந்த ஊரின் தண்ணி லாரி ஓட்டுகிறவன். குடிக்கிற தண்ணீர் பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்குத் தண்ணி லாரிக்காரன்தான் ராஜா. ரேஷன் கார்டில் அவன் பெயர் தங்கபலம், வோட்டர் லிஸ்டில் தங்கப்பளம், கல்யாணப் பத்திரிகையில் மட்டும் அச்சடித்தவர் புண்ணியத்தில் தங்கப்பழம். அவன் அதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டதே கிடையாது, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தால் போதும் என்கிற ஆள்.

அந்த ஆளை ரூபி டீச்சர் லாரிக்குக் குறுக்கே வந்து மறித்தாள். கையில் அவன் மகள் பூவிழியின் இரட்டைக் கோடு நோட்டு இருந்தது.

"பூவிழி அப்பா, இதைப் பாருங்க. திங்கக்கிழமை கட்டுரை. இதுவரைக்கும் போர்டைப் பாத்து எழுதிக்கிட்டு இருந்த புள்ளைங்களை, அன்னைக்கு எதையும் பாக்காம சொந்தமா எழுதுங்கன்னு சொன்னேன். தலைப்பு மழைக்காலம்."

தங்கப்பழம் எழுத்துக்கூட்டிப் படித்தான். எங்கள் ஊரில் மளை பெய்யும். மளை நல்லது. மளை உப்பைக் கரைக்காது.

"நல்லாத்தான எளுதியிருக்கா?"

"ழ போடணும்."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ள."

டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அவள் நாசரேத் பக்கத்துக்காரி, படித்தவள், ஆனாலும் அந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கே இப்போதெல்லாம் வாழைக்காய் வாங்கப் போனால் நாக்கு ஒரு நிமிஷம் யோசிக்கிறது.

அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புத் தமிழ் நோட்டு ஊர்ச்சொத்து ஆகிவிட்டது. 'எனக்குப் பிடித்த பழம்' என்று பூவிழி எழுதிய மறுநாள் பட்டுராஜ் அண்ணாச்சி கடையில் தொங்கிய தார் முழுவதும் வாளைப்பழமாக இருந்தது, தோலை உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று வாளை மீன், நடுவில் ஒரே முள். அண்ணாச்சி கொஞ்சம்கூடப் பதறவில்லை, உரிக்காமல் வாங்கினால் சைவம், உரித்து வாங்கினால் அசைவம் என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். வெள்ளிக்கிழமை அதைப் பிள்ளையாருக்குப் படைக்கலாமா கூடாதா என்று கோயில் வாசலில் ரெண்டு மணி நேரம் பேசி, தோலோடு படைக்கலாம், பூசாரி உரிக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பூசாரி முகம்தான் கொஞ்சம் வாடியது.

அடுத்தது 'உழவர்'. உளவர் நமக்குச் சோறு போடுகிறார் என்று எழுதிவிட்டாள் பிள்ளை. மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, முழங்கால் வரைக்கும் கோட்டு என்று மூன்று பேர் பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில் வந்து இறங்கினார்கள், வாளியில் சோறு, வாளியில் சாம்பார், வாளியில் பொரியல், இலையைப் போட்டு ஊருக்கே பரிமாறினார்கள், ஒரு கேள்வி கேட்கவில்லை. யார் ரெண்டாந்தரம் சோறு வாங்கினார்கள் என்பதை மட்டும் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். ரெண்டு நாள் ஜனங்கள் கூச்சப்பட்டார்கள், மூன்றாம் நாள், "ஏ உளவரே, ரசம் கிடையாதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நாலாம் நாள் ரசம் வந்தது.

இதில் ஒரு சட்டம் இருந்தது. அது தெரிந்தது பல்லியால்தான். 'நான் தினமும் பல்லிக்குச் செல்வேன்' என்று எழுதிய பூவிழி, காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினால் கால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பல்லிக்கு முன்னால் போய் நின்றுவிடும். சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அது இவளைப் பார்க்கும், இவள் அதைப் பார்ப்பாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்துப் பார்த்தாள், தங்கப்பழம் அடித்துவிட்டுத் தன் கையால் எழுதிப் பார்த்தான், பிள்ளை கையைப் பிடித்து எழுத வைத்தும் பார்த்தார்கள், ஒன்றுக்கும் அது அசையவில்லை. நாலாம் நாள் பல்லியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன பூவிழி, "சே, இது சின்ன ல-ல்ல, பள்ளிக்கூடத்துக்குப் பெரிய ள-ல்ல" என்று தானாகவே நோட்டை எடுத்துத் திருத்தினாள், கால் விடுதலை ஆகிவிட்டது. யார் எழுதினார்களோ அவர்கள் கைதான் திருத்த வேண்டும், அதுவும் தானாகத் தோன்றித் திருத்த வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஊரே கேட்டுக்கொண்டது. மளையை விட மனசில்லை, உளவர் சோற்றை விட யாருக்கும் மனசே இல்லை. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம், பள்ளிக்கூடம் விட்டால் பூவிழியைப் பார்க்க வாசலில் பத்துப் பேர் நின்று, "ஏட்டி, இன்னைக்கு என்ன எளுதுன?" என்று கேட்பார்கள். தங்கப்பழமும் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் லாரி ஓட்டினான், அரையாண்டுப் பரீட்சை வரும் வரைக்கும்.

அப்போது அவன் பெண்டாட்டி சிவகனிக்கு எட்டு மாதம். பூவிழிக்குப் பிறகு எட்டு வருஷம் கழித்துத் தங்கியது. தங்கப்பழம் லாரியைப் பள்ளத்தில் இறக்கும்போதுகூடச் சிவகனி வயிற்றை நினைத்துக்கொண்டு மெதுவாக இறக்குவான், அவள் லாரியில் இல்லாவிட்டாலும்.

பரீட்சைக்கு மறுநாள் காலையில் சிவகனி குனிந்து கோலப்பொடி டப்பாவை எடுத்தாள், களக் என்று சத்தம் கேட்டது. நிமிர்ந்தாள், களக். நடந்தாள், களக் களக் களக். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன். உள்ள ஆரோ துணி அலசுதாங்க."

தங்கப்பழம் வந்து காதை வைத்தான். தண்ணி லாரிக்காரன் காது, டேங்கை விரலால் ரெண்டு தட்டுத் தட்டினால் உள்ளே எத்தனை தண்ணீர் என்று சொல்லிவிடும். பயந்து பயந்து ரெண்டு தட்டுத் தட்டினான். அரை டேங்க். காதுக்குள்ளே ஒரு தவளை வேறு கத்தியது.

அவன் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான், ரூபி டீச்சர் எதிரே ஓடிவந்தாள், நடுத்தெருவில் ரெண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். பரீட்சைத்தாளில் ஐந்தாவது கேள்வி: உன் குடும்பத்தைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக. பூவிழி எழுதியிருந்தது ஒரே ஒரு வரி: என் அம்மாவின் வயிற்றில் ஒரு குளந்தை இருக்கிறது.

"குளந்தைன்னா?" என்றான் தங்கப்பழம்.

"அப்படி ஒரு வார்த்தையே கிடையாது, பூவிழி அப்பா."

வார்த்தை இல்லாவிட்டால் என்ன, அர்த்தம் சொல்ல ஊரில் ஆள் இல்லையா? பட்டுராஜ் அண்ணாச்சி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு பிரித்துச் சொன்னார், "குளம், தை. தை மாசம் பிறக்கப்போற குளம்." நாள் குறித்திருந்ததும் தை மாதம் என்பதால் கேட்டவர்களுக்கெல்லாம் அது பொருத்தமாகத்தான் பட்டது. குளம் பிறந்தால் ஊருக்கு நல்லதுதானே, தண்ணி லாரிக்கே வேலை இல்லையே என்றுகூட ஒருத்தர் வாயை விட்டார், சிவகனி துடைப்பத்தை எடுத்ததும் போய்விட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா எஸ்தர் குழாயை வைத்துக் கேட்டாள், தவளையைக் கேட்டாள், ஏதோ மீன் துள்ளுவதையும் கேட்டாள், அட்டையில் 'நார்மல்', 'நார்மல் இல்லை' என்று ரெண்டு கட்டம்தான் இருந்தது, பிள்ளைத்தாய்ச்சியின் சிரித்த முகத்தைப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று டிக் போட்டாள். வெளியே வந்து தங்கப்பழத்திடம் மட்டும், "சீக்கிரம் புள்ளைக்கு ழ சொல்லிக் குடுங்க" என்றாள். பெண்டாட்டி பிழைப்பாளா, வயிற்றில் இருப்பது பிள்ளையாகத்தான் வருமா, அதற்குமேல் அவனுக்கு எதுவும் ஓடவில்லை. கையில் இருந்தது இருபத்திரண்டு நாள்.

அன்றைக்குச் சாயங்காலமே மகளை உட்கார வைத்தான். டீச்சர் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துக் குழந்தை, குழந்தை என்று நூறு தடவை எழுத வைத்தான். நூறும் முத்து முத்தாக இருந்தது. வயிற்றில் ஒரு கரண்டித் தண்ணீர் குறையவில்லை, பார்த்து எழுதினது கணக்கில் சேராதே! தாளை மறைத்துவிட்டு, "இப்ப நீயா எளுது" என்றான். நூற்றொன்றாவதைப் பூவிழி தானாக எழுதினாள், குளந்தை. அடுப்படியிலிருந்து சிவகனி, "ஏங்க, ஒரு சாண் ஏறிட்டு!" என்று கத்தினாள். தங்கப்பழம் ஓடிப்போய்த் தட்டிப் பார்த்தான். முக்கால் டேங்க்.

அதற்கப்புறம் ஊர் தூங்கவில்லை என்றால் அது பொய், நன்றாகத் தூங்கியது, ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் ழ சொல்லியது. பூவிழிக்குக் காதில் விழுந்தால்தானே கையில் வரும் என்று டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் வாரிக்கொண்டே ழ சொன்னார்கள், பால்காரர் மணிக்குப் பதிலாக ழ அடித்தார், ழ சொன்னவர்களுக்குக் கடலைமிட்டாய் இலவசம் என்று அண்ணாச்சி அறிவித்தார், எஸ்தர் நர்சம்மா ஐஸ் குச்சியை எடுத்து நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் குத்திக் காட்டினாள். ஒருத்தருக்கும் வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் பந்தியில், ஐந்து மாதமாக வாயே திறக்காத உளவர் ஒருத்தர் கரண்டியோடு குனிந்து, "இன்னும் கொஞ்சம் குழம்பு?" என்றார். அப்படியே பழுத்து விழுந்த ழ! பந்தி முழுக்க எழுந்து நின்றுவிட்டது. "உளவரே, இன்னொரு தரம் சொல்லுங்க" என்று கெஞ்சிக் கெஞ்சிக் குழம்பு வாங்கியே அன்றைக்கு நாற்பது பேருக்கு வயிறு உப்பியது.

அதைக் கேட்டுக் கேட்டு ஒருவழியாக ஊருக்கு ழ வந்தது. வந்தது சும்மா இருந்ததா? வர வேண்டிய இடத்தை விட்டுவிட்டுக் கண்ட இடத்திலெல்லாம் நுழைந்துகொண்டது. வெழ்ழரிக்காய் என்றார்கள், கழ்யாணம் என்றார்கள், அண்ணாச்சி துவரம்பருப்பை ஒரு கிழோ கட்டினார், "பழ்ழிக்கூடத்துக்கு நேரமாச்சு, கிழம்புழே" என்று தாய்மார்கள் பிள்ளைகளை விரட்டினார்கள். சிவகனி கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள், சிரிக்கச் சிரிக்க உள்ளே அலையடிக்கும், அலையடித்தால் தங்கப்பழத்துக்கு உயிர் போகும்.

"சிரிக்காத பிள்ளை!"

"நான் என்ன செய்ய, கூசுது!"

இதெல்லாம் சேர்ந்து பூவிழிக்குத்தான் ஆபத்தாக முடிந்தது. பென்சிலை எடுத்தால் ஊரே எட்டிப் பார்க்கிறது, ஒரு எழுத்து தப்பினால் அம்மா வயிறு ஒரு சாண் ஏறுகிறது. போதாததற்கு ஆளாளுக்கு வந்து, "சிவப்பா எளுதுட்டி", "ஆம்பளப் பிள்ளைன்னு எளுதுட்டி", "பேங்க் வேலைக்குப் போகும்னு ஒரு வரி சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைக்குக் கை நின்றுவிட்டது. நோட்டைத் திறப்பாள், கோட்டைப் பார்ப்பாள், மூடிவிடுவாள். பெயர் எழுதச் சொன்னால்கூட எழுதவில்லை, அவள் பெயரிலும் அந்தப் பாழாய்ப்போன ழ இருக்கிறதே.

பொங்கலுக்கு முந்தின நாள் தங்கப்பழம் பொறுமை இழந்து, "ஒரு எளுத்துட்டி, ஒரே ஒரு எளுத்து! அதக்கூட உன்னால எளுத முடியலன்னா நீ எதுக்குப் பள்ளிக்கூடம் போற?" என்று கத்திவிட்டான். பூவிழி பென்சிலைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பைக்குள் வைத்துப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். அவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. போய்த் தலையைத் தடவினான், தட்டிவிட்டாள். அன்றைக்கு அவன் லாரி எடுக்கவில்லை.

தை மூன்றாம் தேதி, காலை பத்து மணிக்குச் சிவகனிக்கு வலி எடுத்தது. தண்ணி லாரியில்தான் சுகாதார நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். உள்ளே கொண்டுபோன கால் மணி நேரத்தில் பனிக்குடம் உடைந்தது, உடைந்த தண்ணீர் நிற்கவே இல்லை. பிரசவ அறையிலிருந்து கதவிடுக்கு வழியாக வராந்தாவுக்கு வந்தது, தெளிந்த தண்ணீர், கூடவே ரெண்டு அல்லிப்பூ, நாலு அயிரை மீன், கணுக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு மகராசியை எஸ்தர் நர்சம்மா கத்திரிக்கோலைக் காட்டி விரட்டினாள்.

"தண்ணிதான் வருது, தங்கப்பழம். புள்ள வரல." நர்சம்மாவின் முகத்தில் இப்போது 'நார்மல்' இல்லை. உள்ளே சிவகனியின் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை, தங்கப்பழம் கதவில் காதை வைத்து அதைத்தான் தேடினான்.

ரூபி டீச்சர் பீரோவிலிருந்து பரீட்சைத்தாளை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகித் தண்ணீரில் சளப் சளப்பென்று ஓடிவந்தாள். ஊரும் கூடவே வந்துவிட்டது. பூவிழியை வராந்தா பெஞ்சில் ஏற்றி உட்கார வைத்தார்கள், மடியில் பரீட்சை அட்டை, அட்டையில் தாள், கையில் பென்சில்.

"நாக்க மடிட்டி!"

"மேல ஒட்டாத, நடுவுல நிறுத்து!"

"குழம்பு சொன்னாரே, அத நினைச்சுக்கோ!"

மூன்று உளவரும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே குரலில் ழ என்றார்கள். வராந்தா முழுவதும் ழழழழ என்று அதிர்ந்தது. பூவிழி குளந்தை என்ற வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்தாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பென்சில் தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

"அப்பா."

"சொல்லு தாயி."

"குளந்தைன்னா யாருப்பா? புஸ்தகத்துல இருக்குன்னு எளுதினேன், நம்ம வீட்ல யாருமே அப்படிச் சொல்லலியே."

தங்கப்பழத்துக்கு அந்த நேரத்தில் பொய் சொல்லவோ பாடம் நடத்தவோ தெம்பு இல்லை. "பிள்ளதாம்ட்டி. நம்ம பிள்ள."

"பிள்ளையா?" பூவிழி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பிள்ளைன்னா எனக்கு எளுதத் தெரியுமே! மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?"

ஊர் நாக்கு மொத்தமும் மடித்தது மடித்தபடியே நின்றது. இருபத்திரண்டு நாள், நூற்றுக்கணக்கான நாக்கு, ஒரு டின் கடலைமிட்டாய், ஒருத்தருக்காவது தோன்றியிருக்குமா? பூவிழி குனிந்து எழுதினாள், யாரையும் பார்க்கவில்லை, தாளைக்கூட ரொம்பப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

என் அம்மாவின் வயிற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. வராந்தாத் தண்ணீர் ஏறுவது நின்றது. நான் முறுக்கு கடித்தால் சத்தம் கேட்டு உதைக்கும். உள்ளே சிவகனி, "அய்யோ, உதைக்கி!" என்று கத்தினாள், கத்தலில் பாதி சிரிப்பு. அதற்கு அடிக்கடி விக்கல் வரும். நான் கை வைத்தால் விக்கல் நிற்கும். "இதெல்லாம் எப்பட்டி நடந்தது?" என்று தங்கப்பழம் கேட்டான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் அரை டேங்க் முக்கால் டேங்க் என்று தட்டிக்கொண்டு இருந்துவிட்டான். அவள் அடுத்த வரிக்குப் போனாள். அது வெளியே வந்தால் என் பச்சை ஸ்கேலைக் கொடுத்துவிடுவேன்.

முற்றுப்புள்ளி வைத்தாள். உள்ளே வீல் என்று ஒரு சத்தம். தவளை இல்லை, மீன் இல்லை, குளம் இல்லை. பிள்ளை. வராந்தாத் தண்ணீர் வடிகால் பக்கமாக மெல்ல வழிந்து போயிற்று, அல்லிப்பூ ரெண்டும் நர்சம்மாவின் செருப்பில் மாட்டிக்கொண்டன, ஊர் கூவிய கூவலில் உளவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யார் யார் கூவினார்கள் என்று குறித்துக்கொண்டார்கள்.

பெண் பிள்ளை. எஸ்தர் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தங்கப்பழத்தின் கையில் வைத்தாள். அவன் பத்து விரலையும் எண்ணினான், கால் விரலையும் எண்ணினான், காதை வைத்துக் கேட்டான், தட்டப் போனவனை நர்சம்மா முறைத்ததும் விரலை மடக்கிக்கொண்டான். கட்டிலில் சிவகனி கண்ணை மூடிச் சிரித்தபடி கிடந்தாள். அவன் பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, தடுப்பூசி அட்டவணை ஒட்டியிருந்த சுவரைப் பார்க்கத் திரும்பி நின்று, ஒவ்வொரு ஊசியாகப் படிக்கிற மாதிரி நின்றான். துண்டால் கழுத்தைத் துடைத்தான். காதைத் துடைத்தான். ஆம்பளை, லாரிக்காரன், வாசலில் ஊரே நிற்கிறது.

டீச்சர் தாளை வாங்கக் கையை நீட்டினாள். "அஞ்சு வரி முடிஞ்சாச்சு பூவிழி. போதும், குடு."

"இன்னும் ஒரே ஒரு வரி டீச்சர்." பூவிழி கட்டில் ஓரத்தில் நின்று தாளைக் கட்டிலிலேயே வைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து நிற்கிற அப்பாவின் முதுகைப் பார்த்தாள், தோள் லேசாகக் குலுங்குவதைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கை மடிக்கவில்லை, உதட்டைக் குவிக்கவில்லை, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா அழுதார் என்று எழுதினாள்.

டீச்சர் அந்த 'ழு'வைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். கையிலிருந்த சிவப்புப் பேனா நழுவித் தரையில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை.

தங்கப்பழம் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்தும் அடங்காமல், வாசல்வரை கேட்க ஓவென்று அழுதான். புதுப்பிள்ளை பயந்து அதுவும் சேர்ந்து அழுதது. எஸ்தர் நர்சம்மா ஓடிவந்து, "ஏய்யா, இது ஆஸ்பத்திரி, சத்தம் போடாதீங்க" என்றாள்.